முத்தோரை கேட்ட வானம்: அன்றும் இன்றும்

ஊட்டியை அடுத்த முத்தோரையில் ஒரு மலைச்சரிவு வடக்கு தெற்காக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்து கிடக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகைதான். உருளைக்கிழங்கு போடுகிறவருக்கும் தேயிலை நடுகிறவருக்கும் இந்தப் பொருத்தத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 1960களில் வானொலித் தொலைநோக்கி கட்ட இடம் தேடிய கோவிந்த் ஸ்வரூப்புக்கோ அதுதான் எல்லாமே. அந்தச் சரிவில் ஒரு நீண்ட கருவியைப் படுக்கவைத்தால் அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடும். பிறகு அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், வானத்தின் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம்.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் நெடுக இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளைஞர் குழு ஒன்று அதை உள்நாட்டிலேயே வடிவமைத்து, உள்நாட்டிலேயே கட்டியது. திட்டத்துக்குத் துணைநின்ற ஹோமி பாபா 1966 ஜனவரியில் விமான விபத்தில் இறந்துபோனார்; 1970 பிப்ரவரியில் கருவி கேட்கத் தொடங்கியதைப் பார்க்க அவர் இல்லை.

அதன் முதல் பெரிய வேலைக்கு நிலவைத் துணையாகக் கொண்டார்கள். வெகுதொலைவிலுள்ள ஒரு வானொலி மூலத்தை நிலவு கடந்து மறைக்கும்போது அலை எப்படித் தேய்கிறது, மறுபுறம் எப்படி மீள்கிறது என்று பதிவுசெய்தால் அந்த மூலத்தின் அளவையும் அமைப்பையும் கணித்துவிடலாம். இப்படிப் பல நூறு மூலங்களை அளந்தார்கள். அந்த அளவுகள் தூரத்தோடு மாறிய விதம் பெருவெடிப்புக் கொள்கைக்கு வலுச்சேர்த்தது. நிலவில் யார் முதலில் கொடி நாட்டுவது என்று இரண்டு வல்லரசுகள் போட்டியிட்ட காலத்தை அடுத்து, நீலகிரியில் ஒரு ஏழை நாடு அதே நிலவைக் கொண்டு பிரபஞ்சத்தின் தோற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அன்று விண்வெளியில் பங்கெடுக்க இந்தியாவுக்கு இருந்த பெரிய வழி கேட்பதுதான்.

அந்தக் கருவி உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில், 1967 ஜனவரி 27 அன்று, லண்டன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. இந்தியா மார்ச் 3 அன்று கையெழுத்திட்டது. அக்டோபர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்றது அந்த ஒப்பந்தம். அதன் நான்காவது பிரிவு அணுகுண்டையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்று தடுத்தது. நிலவிலும் பிற கோள்களிலும் ராணுவத் தளமோ ஆயுதச் சோதனையோ அறவே கூடாது.

இந்தத் தடைக்குப் பின்னாலிருந்த பயம் வெறும் கற்பனையில் வந்ததல்ல. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பில் பிறந்த மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றின. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார், பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 உட்பட அக்காலத்தில் பறந்துகொண்டிருந்த பல கோள்களைப் பழுதாக்கின. ஒரே ஒரு குண்டு நண்பன், பகைவன் என்று பாராமல் எல்லோருடைய கோள்களையும் கெடுக்கும் என்பதை வல்லரசுகள் நேரில் பார்த்துவிட்டன. அடுத்த ஆண்டே, 1963 ஆகஸ்டில், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுச் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. 1954லேயே சோதனைகளை நிறுத்தச் சொன்ன நேருவின் இந்தியா, அதில் முதல் வரிசையில் கையெழுத்திட்டது.

1967 ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது, அன்றே தெரிந்த ஓட்டை. அணுகுண்டும் பேரழிவு ஆயுதங்களும் வைக்கக் கூடாது என்றார்கள். மற்ற ஆயுதங்களைப் பற்றிப் பேசவில்லை. நிலவுக்கு முழுத் தடை, பூமியைச் சுற்றியுள்ள வெளிக்கு அரைத் தடை. தரையிலிருந்து ஏவுகணை விட்டுச் செயற்கைக்கோளை உடைப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்தியா அப்போது வேண்டியது முழுத் தடை. விண்வெளி முழுவதும் அமைதிக்கே உரியதாக வேண்டும் என்ற அந்த நிலைப்பாடு நெடுநாள் நீடித்தது. 1985 ஜனவரியில் ராஜீவ் காந்தி அர்ஜென்டினா, கிரீஸ், மெக்சிகோ, சுவீடன், தான்சானியா நாடுகளின் தலைவர்களை டெல்லிக்கு அழைத்து, விண்வெளியில் ஆயுதப் போட்டியைத் தடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார். நம்மிடம் அந்த ஆயுதம் இல்லாத நாட்களில் நாம் உரக்கப் பேசினோம்.

ஆனால் அன்றும் ஆயுதமும் அறிவியலும் தனித்தனி வீடுகளில் குடியிருக்கவில்லை என்பதற்கும் நீலகிரியிலேயே சாட்சி உண்டு. இந்தியா தானே செய்த முதல் ராக்கெட் ரோகிணி-75, 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து பறந்தது. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல்தான். அதில் எரிந்தது கார்டைட். கார்டைட் என்றால் என்ன என்று குன்னூர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அருவங்காட்டில் மலை ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையை இன்றும் ‘கார்டைட் ஃபேக்டரி’ என்றுதான் சொல்கிறோம். இரண்டு உலகப் போர்களின் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்ட சரக்கின் வகையே காற்று மண்டலத்தை ஆராயப் போன குழலையும் தூக்கியது. ஐ.நா. ஆதரவில் எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் திறந்துவிடப்பட்ட தளம் தும்பா. பொருள் ஒன்றேதான், யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஆயுதம் பிறக்கிறது. விண்வெளிச் சட்டத்தின் இன்றைய சிக்கல் முழுவதும் இதற்குள் அடக்கம்.

1967ல் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அந்த மே மாதம் 23ஆம் தேதி சூரியனில் பெரும் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. சோவியத் ஏவுகணைகள் வருகின்றனவா என்று வடதுருவப் பக்கம் காவலிருந்த அமெரிக்க ரேடார்கள் ஒரே நேரத்தில் குழம்பிப்போயின. எதிரி ரேடாரை முடக்குகிறான், தாக்கப்போகிறான் என்று எண்ணி விமானங்களை ஆயத்தம் செய்யத் தொடங்கினார்கள். அமெரிக்க விமானப்படையில் சூரியனைக் கவனிக்கவென்று சில ஆண்டுகளுக்கு முன்பு அமைத்திருந்த ஒரு சிறு குழு, இது சூரியனின் வேலை என்று நேரத்தோடு எடுத்துச் சொன்னது. விமானங்கள் எழவில்லை. இந்த விவரங்கள் ஆய்விதழில் வெளியாக 2016 வரை ஆயிற்று. அந்த மாதம் விண்வெளி ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. போரைத் தடுத்தது அந்தத் தாள் அல்ல. சூரியனைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் தடுத்தார்கள்.

இன்றைக்கு வருவோம். குன்னூரை அடுத்த வெலிங்டனில், பிரிவினைக்குப் பிறகு குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் அதிகாரிகளும் அங்கே சேர்ந்து படிக்கிறார்கள். நட்பு நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். சீருடைக்காரர்களும் வெளிநாட்டுக் குடும்பங்களும் குன்னூர் கடைத்தெருவுக்குப் பழகியவர்கள். தரை, கடல், ஆகாயம் என்று மூன்று களங்களோடு தொடங்கிய படிப்பு அது. இன்று உலகில் எந்த ஸ்டாஃப் காலேஜும் விண்வெளியை விட்டுவிட்டுப் போர்க்கலையைச் சொல்லித்தர முடியாது. கடற்படைக்கு 2013ல் ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018ல் ஜிசாட்-7ஏ, மூன்று படைகளுக்கும் பொதுவாக 2019ல் பாதுகாப்பு விண்வெளி முகமை, 2024 நவம்பரில் டெல்லியில் ‘அந்தரிக்ஷ அப்யாஸ்’ என்ற மூன்று நாள் பயிற்சி. இதில் எதுவும் 1967 ஒப்பந்தத்தை மீறியதில்லை. படைகள் செயற்கைக்கோளைப் பயன்படுத்துவது வேறு, செயற்கைக்கோளை உடைப்பது வேறு.

உடைப்பதும் நடந்தது. சீனா 2007 ஜனவரியில் தன் பழைய வானிலைக் கோள் ஒன்றை 800 கிலோமீட்டருக்கு மேலே உடைத்தது. பின்தொடரக்கூடிய அளவுள்ள துண்டுகளே 3,000க்கு மேல், பெரும்பகுதி இன்னும் சுற்றுகிறது. அடுத்த ஆண்டு அமெரிக்கா. 2019 மார்ச் 27 அன்று நாம். ஒடிசா கடலோரத்திலுள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை, 300 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் பறந்த மைக்ரோசாட்-ஆர் என்ற நம் சொந்தக் கோளை மோதி நொறுக்கியது. அந்தக் கோளை ஜனவரி 24 அன்று கொண்டுபோன அதே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில்தான் சென்னை மாணவர்கள் செய்த சின்னஞ்சிறு கலாம்சாட்டும் போயிற்று. ஒரே வண்டியில் ஒரு குறிப்பொருளும் ஒரு மாணவர் கனவும். இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது, இன்றும் கனக்கிறது.

தாழ்வான உயரத்தைத் தேர்ந்தது பொறுப்பான செயல்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். துண்டுகள் சில வாரங்களில் எரிந்து விழுந்துவிடும் என்று அரசு சொன்னது. பெரும்பாலானவை விழவும் செய்தன. ஆனால் சில மேலே எறியப்பட்டு ஓராண்டுக்கு மேலும் சுற்றின. மோதலில் சிதறுவது எங்கே போகும் என்பது மோதுகிறவரின் கையில் இல்லை. 2021 நவம்பரில் ரஷ்யா தன் கோளை உடைத்தபோது 1,500க்கு மேற்பட்ட துண்டுகள் பறந்தன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்ய வீரர்களும் சேர்ந்துதான் திரும்பும் கலங்களுக்குள் போய் ஒதுங்க நேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தில் ஓர் அசைவு வந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா இப்படிப்பட்ட சோதனை இனிச் செய்யமாட்டேன் என்று தானாக அறிவித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் படிப்படியாகப் பின்தொடர்ந்தன. 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, கோள்களை உடைக்கும் ஏவுகணைச் சோதனையைச் செய்யமாட்டோம் என்று எல்லா நாடுகளும் உறுதியளிக்கக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 155, எதிர்ப்பு 9. வாக்களிக்காமல் ஒதுங்கி நின்ற 9 நாடுகளில் ஒன்று இந்தியா.

1985ல் டெல்லியில் அறிக்கை வெளியிட்ட நாடு 2022ல் ஏன் ஒதுங்கியது? இதற்கும் 1967க்குப் போக வேண்டும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன் குண்டு வெடித்தவர்களை மட்டும் அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொண்டது. வெடித்தவன் காவலன், வெடிக்காதவன் கைதி என்றாயிற்று. அந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாடு, அடுத்து ஏதாவது தடை வரும்போது கோட்டுக்கு உள்ளே இருந்தாக வேண்டும் என்று நினைத்ததில் வியப்பில்லை. 2019 சோதனைக்குப் பின்னால் அந்த வடு உண்டு என்றே நினைக்கிறேன். எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும், தானாகக் கொடுக்கும் வாக்குறுதி போதாது என்று இந்தியா சொல்லிவருவதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயம் இப்போது தீர்ந்துவிட்டது என்பது என் உறுதியான எண்ணம். நாம் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டோம். நிரூபிக்க வேண்டியதை நிரூபித்தாயிற்று. இன்னொரு சோதனையால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை, குப்பைதான் மிஞ்சும். கட்டுப்படுத்தும் சட்டம் ஜெனீவாவிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். ஆயுதக் குறைப்பு மாநாட்டில் எல்லோரும் ஒப்பினால்தான் எதுவும் நகரும். அங்கே இருபது ஆண்டுக்கு மேலாக எந்த ஒப்பந்தமும் உருவாகவில்லை. ரஷ்யாவும் சீனாவும் 2008லும் 2014லும் வைத்த வரைவில் தரையிலிருந்து ஏவும் ஏவுகணையை யாரும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. மீறினால் கண்டுபிடிக்க வழியும் இல்லை. 2024 ஏப்ரலில், விண்வெளியில் அணு ஆயுதம் வைக்கக் கூடாது என்ற பழைய கடமையை மீண்டும் உறுதிசெய்யும் ஒரு தீர்மானம் பாதுகாப்புச் சபைக்கு வந்தது. 13 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது. 1962ன் பயம் திரும்பி வந்திருக்கிறது.

சட்டத்தின் ஓட்டை முத்தோரையையே தொடுகிற இடம் ஒன்று உண்டு. அந்தத் தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வானொலி வானியலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிமுறை. அதற்குத் தீங்கு செய்யும்படி யாரும் ஒலிபரப்பாமல் இருக்க நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வருகிற, எண்ணிப்பார்க்க முடியாத அளவு மெல்லிய அலைக்கு உலகம் சேர்ந்து ஒரு காப்பு கொடுத்திருக்கிறது. சர்வதேசச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வரிகளில் இவை சேரும். அதே ஒன்றியத்தின் அரசியல் சாசனத்தில் 48ஆம் பிரிவைப் புரட்டினால், ராணுவ வானொலி நிலையங்களைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாட்டுக்கும் முழுச் சுதந்திரம் என்று எழுதியிருக்கிறது. தீங்கைத் தவிர்க்க இயன்றவரை விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பதோடு சரி.

இன்றைய விண்வெளிப் போரில் பெரும்பகுதி இந்தச் சுதந்திரத்துக்குள்தான் நடக்கிறது. கோளை உடைக்க வேண்டியதில்லை; அதன் அலையை மூழ்கடித்தால் போதும், பொய்யான அலையை ஊட்டினால் போதும், தரையிலுள்ள கருவிக்குள் புகுந்தால் போதும். 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய நாளில், வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையக் கருவிகளை முடக்கினார்கள். உக்ரைனோடு நிற்கவில்லை, ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக் கட்டுப்பாட்டை இழந்தன.

இங்கே என்ன இருக்கிறது இழக்க என்று மலையில் யாரும் கேட்கமாட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மேகம் அரபிக்கடலிலிருந்து திரண்டு வருவதை முன்னதாகக் காட்டுவது இன்சாட் கோள்கள். முதுமலையில் தீப்பிடித்தால் வனத்துறையினரின் கைபேசிக்கு வரும் எச்சரிக்கை, கோளின் கண்ணில் பட்ட சூட்டுப்புள்ளி. மசினகுடியில் சுற்றிய ரிவால்டோ யானையை 2021ல் காட்டுக்குள் விட்டபோது கழுத்தில் கட்டிய பட்டை, இருப்பிடத்தைச் சொன்னது. பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிக்கு உறைபனி எச்சரிக்கையும் அந்த வழியாகத்தான் வருகிறது. 1967ல் மேலே இருந்தவை சில நூறு கோள்கள். இன்று வேலைசெய்துகொண்டிருப்பவை மட்டும் 10,000க்கும் மேல்.

இதனால்தான் முத்தோரையை ஆராய்ச்சிக்கூடம் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. தொலைதூர மூலங்களின் அலை, சூரியக் காற்றைக் கடந்து வரும்போது மினுக்குகிறது. அந்த மினுக்கத்தைப் பல ஆண்டுகளாக அளந்து, சூரியனிலிருந்து புறப்பட்ட புயல் பூமியை எட்டுமுன்பே அதன் போக்கைக் கணிக்கிறார்கள். ஊட்டியிலேயே இருக்கும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 கருவி, 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரம் மியூவான் துகள்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டியதைப் பதிவுசெய்தது. சூரியப் புயல் தாக்கியதில் பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் தளர்ந்திருக்கிறது என்று அதிலிருந்து கண்டார்கள்.

இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவரின் கோள் திடீரென்று வாய்மூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சூரியனா, சிதறிய துண்டா, பழைய பழுதா, பகைவனா? 1967 மே மாதக் கேள்வி இதுவே. சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், நடந்தது என்ன என்று எல்லோரும் நம்பும்படி சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் அது தீர்ப்பு இல்லாத வழக்கு. ஒவ்வொரு வரைவும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: மீறியதை யார் கண்டுபிடிப்பது? மேலே என்ன பறக்கிறது என்று கவனிக்க இஸ்ரோவும் பெங்களூரில் 2022ல் ஒரு மையம் திறந்திருக்கிறது. வல்லரசுகள் ஒன்றையொன்று நம்பாது. நீலகிரியில் அரை நூற்றாண்டாக வானைக் கவனித்து, கண்டதைத் திறந்த ஆய்விதழ்களில் எழுதிய நாடு, ‘நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், தரவை எல்லோருக்கும் தருகிறோம்’ என்று முன்வந்தால் அதற்கு மதிப்பு இருக்கும். ஏவுகணை வைத்திருப்பதால் கிடைக்கும் மதிப்பைவிட இது பெரிதென்று நான் நம்புகிறேன்.

நேரம் அதிகமில்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. தனியார் கோள்கள் தமிழகக் கடற்கரையிலிருந்து கிளம்பப்போகின்றன. அவற்றின் செயலுக்கெல்லாம் அரசே பொறுப்பு என்கிறது 1967 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு. அவற்றால் பிறருக்குச் சேதம் வந்தால் ஈடு கேட்பார்கள். 1978ல் சோவியத்தின் அணு உலைக் கோள் கனடாவில் விழுந்தபோது கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நம்மிடம் 2023ல் வந்த கொள்கை இருக்கிறது, முழுமையான விண்வெளிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

2030க்குள் இந்திய விண்பயணங்கள் எதுவும், அரசுடையதாகட்டும் தனியாருடையதாகட்டும், குப்பை விடாதபடி செய்வோம் என்று 2024 ஏப்ரலில் இந்தியா அறிவித்தது. நல்ல அறிவிப்பு, முழு மனதோடு வரவேற்கிறேன். ஒரு கோளை உடைக்கும் சோதனையோடு அந்த அறிவிப்பு ஒருநாளும் ஒத்துப்போகாது. ஆகவே சோதனை செய்யமாட்டோம் என்ற உறுதிமொழியை இந்தியா ஏற்கெனவே பாதி எழுதிவிட்டது. விண்வெளி ஆயுதப் போட்டியைத் தடுப்பது பற்றிப் பேச ஐ.நா.வின் புதிய பணிக்குழு 2025ல் கூடத் தொடங்கியிருக்கிறது. மீதிப் பாதியை அங்கே எழுதிக் கொடுக்கலாம், முத்தோரையின் தரவுகளையும் கூடவே வைத்து.